கூடுதல் மூன்று கிலோ

காலையில் அவர்கள் பெட்டிகளை எடை போட்டவள் நான்தான்.
ஃபின்மார்க் கரையோரம் இந்தச் சின்ன நிலையத்தில்
நாங்கள் நான்கு பேர்.
சீட்டைக் கிழிக்கும் அதே கைதான்
பனியை வழிக்கும், சிறகுக்கு மருந்தடிக்கும்,
தீ என்றால் குழாயைப் பிடிக்கும்.
இருபது வருடத்தில் தீ என்று வந்ததில்லை.
ஒருமுறை அடுப்படியில் ரொட்டி கருகியது.

ஊட்வார் ஹென்ரிக்சன் பெட்டியில் மூன்று கிலோ கூடுதல்.
மகளுக்குக் கருவாடு, என்றார்.
விதி விதிதான், என்றேன்.
முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்து
பனியன்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாய் உருவி
என் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்.
விறகுக்கட்டை போல விழுந்த சத்தம்.

பத்து ஐம்பதுக்குக் கோபுரத்திலிருந்து ஆஸ்லாக்:
ரௌனா, உடுப்பை மாட்டு.
மூன்று பச்சை எரியவேண்டிய இடத்தில்
இரண்டுதான் எரிகிறதாம்.
இடக்கால் வயிற்றுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது.
அடுத்த ஊரில் பாதை குட்டை.
இங்கேயே திரும்பி வருகிறார்கள்.

எண்ணெய் தீரட்டும் என்று ஒன்றரை மணி நேரம்
கடல்மேல் சுற்றினார்கள்.
சூரியன் ஊருக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது,
அதையும் மேகம் தின்றிருந்தது.
சத்தம் மட்டும் வந்தது, போனது, வந்தது.
வெளியே மைனஸ் பதினொன்று,
தீயுடுப்புக்குள் எனக்கு வியர்த்தது.
பக்கத்து இருக்கையில் சீரி ஓர் ஆரஞ்சை உரித்தாள்,
வெள்ளை நார்வரைக்கும் உரித்தாள்,
தின்னவில்லை.

நான் எடைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
பல்மருத்துவர், பதினான்கு.
கால்பந்துப் பிள்ளைகள் ஆறு பேர், ஒரே வலையில் பந்துகள், ஒன்பதரை.
ஒரு கர்ப்பிணி, பெட்டியே இல்லை,
ஜெரானியத் தொட்டியை மடியில் வைக்கலாமா என்று கேட்டாள்.
வைக்கலாம், என்றேன்.
இந்நேரம் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள்.
குனி, குனி என்று யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள்.
அந்த மூன்று கிலோவால் எதுவும் மாறாது,
எனக்குத் தெரியும்.
கழித்தும் பார்த்தேன், சேர்த்தும் பார்த்தேன்.

வந்தது.
வலது காலை எடுத்து வைத்து வந்தது,
வேறென்ன செய்யும், இருந்தது அதுதான்.
ஒற்றைக்காலில் ஓடியது, இடச்சிறகை ஏந்தியபடியே,
இல்லாத காலை இருப்பதுபோல வைத்திருந்தார் விமானி
எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.
பிறகு வேகம் போயிற்று.
தூங்கும் குழந்தையை இறக்குவதுபோலத்தான் சாய்த்தார்,
தார் அப்படி ஏற்கவில்லை.
பொறி. உலோகம் கிழியும் ஓலம்.
பாதி சுற்றி, ஓரப் பனிமேட்டில் மூக்கைப் புதைத்து
நின்றது.

நுரை அடித்தோம். தீ இல்லை.
இருந்தும் அடித்தோம்,
கை நிறுத்தமாட்டேன் என்றது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கவேண்டும் என்பது விதி.
அவள் தொட்டியோடு இறங்கினாள்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

உள்ளே, போர்வைக்குள், யாரும் யாரோடும் பேசவில்லை.
ஊட்வார் எழுந்து என் மேசைக்கு வந்தார்.
சுத்தியல் இருக்கா, என்றார்.
கொடுத்தேன்.
தரையில் உட்கார்ந்து அந்தக் கருவாட்டை அடித்தார்,
நார் நாராய்ப் பிரியும்வரை அடித்தார்,
பிள்ளைகள் கையேந்தி வாங்கிக்கொண்டார்கள்.
எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்.
முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார்.

கப்பலில் பாரந்தூக்கி வர நான்கு நாளாயிற்று.
அதுவரை அது அங்கேயே கிடந்தது,
சுழலியின் நுனிகள் சுருண்டு.
பாதையை ஒட்டுப்போட்டார்கள், கோடை வந்ததும்
இன்னொருமுறை போட்டார்கள்.

இன்றைக்கும் விடியுமுன் பனி வழிக்கும்போது
பாதி வழியில், இடப்பக்கம்,
வண்டியின் அலகு ஒரு நொடி
குரல் மாறும்.
சீரிக்குக் கேட்பதில்லையாம்.